அப்பா பெயர் போட்ட தபால் பெட்டி

2022 அக்டோபர் 1, சனிக்கிழமை சாயங்காலம் ஜெர்மனியின் கோட்டிங்கன் ரயில் நிலையத்தில் இறங்கினேன். ஃப்ராங்க்ஃபர்ட்டிலிருந்து அதிவேக ரயில் பிடித்தால் இரண்டு மணி நேரத்துக்குள் வந்துவிடும் ஊர். இரண்டு பெட்டி, ஒரு முதுகுப்பை, இரண்டு வருட போஸ்ட்டாக் (முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆராய்ச்சி) வேலைக்கான ஒப்பந்தம். வாடகை அறைக்குப் போய்ச் சேரும்போது மணி எட்டு. அப்படியே படுத்துவிட்டேன். மறுநாள் காலை அரிசி வாங்கக் கிளம்பினால் தெருவில் ஒரு கடைகூடத் திறக்கவில்லை. ஜெர்மனியில் ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது என்று படித்திருந்தேன். மளிகைக் கடைக்கும் சேர்த்துத்தான் அது என்று உறைக்கவில்லை. சரி, ஒரு நாள்தானே. திங்கட்கிழமை மறுபடி போனேன். அன்றும் பூட்டு. அக்டோபர் 3, 1990இல் இரண்டு ஜெர்மனியும் ஒன்றான நாள். நாடு முழுக்க விடுமுறை.

என்னிடம் பருப்புப்பொடி இருந்தது, நல்லெண்ணெய் இருந்தது, அம்மா கிளறிக் கொடுத்த புளிக்காய்ச்சல் இருந்தது. சோறுதான் இல்லை. ரயில் நிலையத்து பேக்கரியில் ரொட்டி வாங்கி, அதில் புளிக்காய்ச்சலைத் தடவித் தின்று இரண்டு நாளை ஓட்டினேன். முதல் வேளை நன்றாகவே இருந்தது.

வெளிநாட்டு ஆய்வகத்தில் வேலை கிடைத்திருக்கிறது, என்னென்ன எடுத்துப் போக வேண்டும் என்று கேட்டு இப்போது மாதத்துக்கு ஓரிருவர் கூப்பிடுகிறார்கள். முதலில் நான் சொல்வது, டிக்கெட் போடும் முன் அந்த மாநிலத்து விடுமுறைப் பட்டியலைப் பாருங்கள், செவ்வாயோ புதனோ போய் இறங்குங்கள் என்பதுதான். அடுத்துச் சொல்வது கொஞ்சம் நீளம்.

எங்கள் வீட்டில் நடந்த ஆயத்தமெல்லாம் பெட்டிக்கு நடந்த ஆயத்தம். மன்னார்குடி பக்கம் எங்கள் ஊர். அப்பா இரண்டு பெட்டிகளையும் வண்டியில் வைத்து உரக்கடைக்குக் கொண்டுபோய்த் தராசில் நிறுத்தினார். ஒன்று 23 கிலோவுக்கு 200 கிராம் குறைந்தது. விடுவாரா? ஒரு பொட்டலம் சுக்குப்பொடி உள்ளே போனது. அத்தை டி.நகரில் தேடி வாங்கிய கம்பளிக் கோட்டு மட்டும் இரண்டு கிலோ. நவம்பர் மழையில் ஒரே நாள் நனைந்ததில் நாலு கிலோவாகிவிட்டது. அப்புறம் அங்கேயே பழைய துணிக்கடையில் மழைக்கும் காற்றுக்கும் தாங்குகிற ஜாக்கெட் ஒன்றை வாங்கினேன். பெட்டியில் அடைத்துப் போனதில் முக்கால்வாசி அங்கே கிடைக்கிறது. கிடைக்காதது ஒன்றுதான்: ஊரில் ஏதோ ஓர் அலுவலகத்தில் ஒருவர் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தித் தருகிற காகிதம். ஏழாயிரம், எட்டாயிரம் கிலோமீட்டர் தள்ளி உட்கார்ந்துகொண்டு அதை வாங்கிப் பாருங்கள், தெரியும்.

என் கதையில் அப்படி மூன்று காகிதங்கள்.

ஒன்று, அனுபவச் சான்றிதழ். ஆய்வுப் படிப்பில் சேரும் முன் ஒன்றரை வருடம் ஒரு ஆராய்ச்சித் திட்டத்தில் புராஜெக்ட் அசிஸ்டன்டாக இருந்தேன். முனைவர் பட்டமே வந்துவிட்டது, அது எதற்கு என்று சான்றிதழ் வாங்காமல் விட்டேன். ஜெர்மன் பல்கலைக்கழகங்களில் போஸ்ட்டாக் சம்பளத்தை யாரும் பேசித் தீர்மானிப்பதில்லை. அரசு ஊழியர் ஊதிய அட்டவணை இருக்கிறது. டிவி-எல் என்பார்கள். முனைவர்கள் பெரும்பாலும் இ-13 என்ற நிலையில் வருவார்கள். அதற்குள் படிகள் உண்டு. அதே துறையில் ஒரு வருட வேலை அனுபவத்தைக் காட்டினால் இரண்டாம் படி, மூன்று வருடம் என்றால் மூன்றாம் படி. காட்டாவிட்டால் முதல் படி. கேட்டால்தான் பார்ப்பார்கள், காகிதம் இருந்தால்தான் ஏற்பார்கள். பழைய பேராசிரியர் ஓய்வு பெற்றிருந்தார், கோப்பு எங்கோ போயிருந்தது. என் தம்பி நாலு தடவை அலைந்து வாங்கி அனுப்ப ஐந்து மாதம் ஆனது. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் எந்தப் படி என்று கேளுங்கள். அதற்கும் முன், வேலை பார்த்த ஒவ்வோர் இடத்திலும் தேதி, பணி, வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்று போட்டு ஒரு சான்றிதழ் வாங்கிவிடுங்கள்.

இரண்டு, கல்யாணச் சான்றிதழ். தமிழ்நாட்டில் 2009ஆம் வருடச் சட்டப்படி திருமணப் பதிவு கட்டாயம். சட்டம் தெரியும், சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போகத்தான் நேரம் வாய்க்கவில்லை. கோயில் ரசீதும் பத்திரிகையும் இருக்கிறதே என்ற தைரியம். கணவரும் மகளும் பின்னால் வருவதாக ஏற்பாடு. குடும்ப விசாவுக்கு ஆல்பம் உதவாது, பதிவுச் சான்றிதழ் வேண்டும். பதிவுக்கு இரண்டு பேரும் நேரில் போய் நிற்க வேண்டும். அதற்கென்றே ஜனவரியில் பத்து நாள் லீவு போட்டு ஊருக்கு வந்தேன். விமான டிக்கெட் காசை இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது. பதிவு முடித்து வெளியே வந்ததும் இவர், “இப்பதான் நமக்குச் சட்டப்படி கல்யாணம் ஆச்சு, ஒரு காபியாவது குடிப்போம்” என்றார்.

மூன்று, மகளின் பிறப்புச் சான்றிதழ். அது இருந்தது. ஆனால் குழந்தையின் பெயர் கட்டம் காலி. ஆஸ்பத்திரியில் பிறந்த வாரமே பதிவு செய்துவிட்டார்கள். பெயர் வைத்ததோ மூன்றாம் மாதம். போய்ச் சேர்த்திருக்க வேண்டும், சேர்க்கவில்லை. உங்கள் வீட்டுச் சான்றிதழையும் எடுத்துப் பாருங்கள், பலருக்கு இப்படித்தான் இருக்கும். அதோடு தடுப்பூசி அட்டையையும் எடுத்து வையுங்கள். 2020 மார்ச் முதல் ஜெர்மனியில் குழந்தைகள் காப்பகத்திலும் பள்ளியிலும் சேர தட்டம்மை ஊசி போட்டதற்கு ஆதாரம் கேட்கிறார்கள். நம் ஆரம்ப சுகாதார நிலையத்து அட்டையில் பேனா அழிந்திருந்தால் நர்ஸம்மாவிடம் சொல்லி மறுபடி எழுதி முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

குடும்பத்தோடு போகிறவர்கள் விசா வகையையும் கவனிக்க வேண்டும். ஆராய்ச்சியாளருக்கென்று ஜெர்மன் குடியிருப்புச் சட்டத்தில் 18டி என்று தனிப் பிரிவு உண்டு. அதற்கு வேலை ஒப்பந்தத்தோடு, நிறுவனம் தரும் ஏற்பு ஒப்பந்தம் ஒன்றும் சேர வேண்டும். அந்தப் பிரிவில் போனால், துணைவர் விசா வாங்க ஜெர்மன் மொழித் தேர்வு எழுதத் தேவையில்லை. வந்ததும் எந்த வேலைக்கும் போகலாம். நான் சென்னையில் விண்ணப்பித்தபோது விசா கட்டணம் 75 யூரோ. எனக்குத் தெரிந்த ஒருவர் கல்வி விசாவில் போய்விட்டு, மனைவியைக் கூப்பிட முடியாமல் ஒரு வருடம் கஷ்டப்பட்டார்.

சம்பளமா, உதவித்தொகையா என்பதும் இதே அளவுக்கு முக்கியம், ஆனால் யாரும் கேட்பதில்லை. கைக்கு வரும் தொகை இரண்டிலும் கிட்டத்தட்ட ஒன்றாகத் தெரியும். உதவித்தொகைக்கு வரி இல்லை என்றதும் நமக்கு மனம் அங்கேதான் போகும். வேலை ஒப்பந்தம் என்றால் மொத்தச் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பிடித்துக்கொள்கிறார்கள், உண்மைதான். ஆனால் மருத்துவக் காப்பீட்டில் ஏறக்குறைய பாதியை முதலாளி கட்டுகிறார், வேலையில்லாக் காலக் காப்பீடு சேருகிறது, ஓய்வூதியக் கணக்கு ஓடுகிறது. அரசுக் காப்பீட்டில் இருந்தால் வருமானமில்லாத மனைவியோ கணவரோ, குழந்தைகளோ தனிப்பணம் இல்லாமல் உள்ளே வந்துவிடலாம். உதவித்தொகை என்றால் காப்பீடு உங்கள் பாடு. ஒரு பல் பிடுங்க வேண்டிவந்தால் வித்தியாசம் புரியும். பல் வேலை, கண்ணாடி எல்லாவற்றையும் ஊரிலேயே முடித்துக்கொண்டு போவது நல்லது.

பொதுத்துறை வேலையில் சேருகிறவர்களுக்கு இன்னொரு சின்ன விஷயம். விபிஎல் என்று ஒரு கூடுதல் ஓய்வூதியம் பிடிப்பார்கள். அதன் வழக்கமான திட்டத்தில் பலன் கிடைக்க 60 மாதம் கட்டியிருக்க வேண்டும். இரண்டு வருடம் இருந்துவிட்டு வரப்போகிற நமக்கு அது எப்படி உதவும்? தற்காலிக ஒப்பந்தத்தில் இருக்கும் ஆராய்ச்சியாளர்கள் அதிலிருந்து விலக்கு வாங்கிக்கொண்டு மாற்றுத் திட்டத்துக்குப் போகலாம். ஆனால் வேலையில் சேர்ந்த 2 மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். முதல் நாள் தந்த நாற்பது பக்கக் கட்டில் அந்தப் படிவம் இருந்தது. எல்லாம் ஜெர்மன். நான் அதைப் பிரித்துப் பார்த்தது மூன்றாவது மாதம்.

பெட்டிக்கு வருவோம், அதைச் சொல்லாமல் விட்டால் அம்மா கோபித்துக்கொள்வார். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பயணிகள் பால், இறைச்சிப் பொருட்களைக் கொண்டுபோகக் கூடாது. ஆக நெய் கூடாது. கருவாடு கொண்டுபோகலாம், மீனுக்கு ஆளுக்கு 20 கிலோ வரை அனுமதி. தேங்காய் கொண்டுபோகலாம். பச்சைக் கறிவேப்பிலை கூடாது. தாவர நலச் சான்றிதழ் இல்லாமல் இலை, தழை எதுவும் உள்ளே போகாது. நெய்யை விட்டுவிட்டுக் கருவாட்டோடு வா என்கிற நாடு எனக்குப் பிடித்துத்தான் இருந்தது, ஆனால் பக்கத்து அறைக்காரர்களை நினைத்து எடுத்துப் போகவில்லை. மின்சாரம் நம் ஊர் மாதிரியே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், மிக்ஸி ஓடும். பிளக்தான் வேறு. குக்கர் வாங்கினால் அடிப்பாகம் இன்டக்‌ஷனுக்கு ஏற்றதா என்று பாருங்கள். என் அலுமினியக் குக்கர் இரண்டு வருடமும் அரிசி போட்டு வைக்கும் டப்பாவாகத்தான் இருந்தது.

ஆய்வகத்துச் சாமான்களில் விளையாட்டு வேண்டாம். நான் பார்ப்பது நெல் வேரடி மண்ணில் வாழும் பாக்டீரியாக்கள். டெல்டா வயலில் நானே பிரித்தெடுத்த ஒரு வகை இருந்தது. மூன்று வருடம் வளர்த்தது, கையோடு ஒரு சின்னக் குப்பியில் எடுத்துப் போய்விடலாம் என்று நினைத்தேன். வழிகாட்டிப் பேராசிரியர்தான் நிறுத்தினார். 2002ஆம் வருடப் பல்லுயிர்ச் சட்டப்படி, நம் நாட்டு உயிரி வளத்தை வெளிநாட்டு ஆய்வகத்துக்குத் தர தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் அனுமதி வேண்டும். அந்த ஆணையம் இருப்பது சென்னையில், தரமணியில். நான் தினம் பஸ்ஸில் போன வழி. விண்ணப்பிக்க ஆறு மாதம் முன்னால் யோசித்திருக்க வேண்டும். குப்பி ஃப்ரீசரிலேயே இருக்கிறது. எடுத்துப் போகக்கூடியது தரவுகள்தான், அதையும் பேராசிரியரிடம் எழுத்தில் கேட்டுக்கொண்டு எடுத்துப் போங்கள். பழைய நிறுவனத்து மின்னஞ்சல் முகவரி எந்த நாள் சாகும் என்றும் கேட்டு வையுங்கள். ஆய்விதழ்க் கணக்குகள் எல்லாம் அதில்தான் இருக்கும்.

இந்திய வங்கிக்கும் அப்படித்தான். வெளிநாடு வாழ் இந்தியர் ஆனதும் சேமிப்புக் கணக்கை என்ஆர்ஓ கணக்காக மாற்ற வேண்டும். போகும் முன்பே கிளைக்கு ஒரு நடை போய்ப் படிவம் கொடுத்தால் முடிந்தது. பழைய சிம்மைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஓடிபி வராமல் வீட்டுக் கடன் தவணை கட்ட முடியாத ராத்திரிகள் எனக்கு உண்டு. ரோமிங்கை விமானம் ஏறும் முன் இயக்கிச் சோதித்துவிடுங்கள்.

இனி வீடு. இங்கேதான் நான் அடி வாங்கினேன்.

ஜெர்மனியில் குடியேறிய 2 வாரத்துக்குள் முகவரியை நகர அலுவலகத்தில் பதிய வேண்டும். அன்மெல்டுங் என்று பெயர். அதற்கு வீட்டுக்காரர் கையெழுத்திட்ட ஒரு சான்று வேண்டும். அதன் பெயர் வோனுங்ஸ்கேபர்பெஷ்டேட்டிகுங். ஒரே மூச்சில் சொல்லப் பழக எனக்கு ஒரு மாதம் ஆனது. முகவரி பதிந்தால்தான் 11 இலக்க வரி எண் வரும். வரி எண் இல்லாவிட்டால் சம்பளத்தில் அதிகமாக வரி பிடிப்பார்கள். பல வங்கிகள் கணக்குத் திறக்கவும் அந்தப் பதிவைக் கேட்கும். விசா தீர்வதற்குள் எடுக்க வேண்டிய குடியிருப்பு அட்டைக்கும் அதுதான் அடிப்படை. எல்லாம் கோத்துவிட்ட மணி மாதிரி, முதல் மணி வீடு.

நான் பிடித்தது உள்வாடகை அறை. மாதம் 420 யூரோ, படங்கள் அழகாக இருந்தன. போய் இறங்கி நாலாம் நாள் சான்று கேட்டால், “அதெல்லாம் தருவதில்லை, மூன்று மாதம்தானே” என்றார் அறையை விட்டவர். விளம்பரத்தில் அந்த வரி இல்லைதான், நானும் கேட்கவில்லைதான். கூடப் பத்து நாள் கெஞ்சி, பல்கலைக்கழக வெளிநாட்டார் உதவி மையத்தில் ஒரு அம்மா போனில் பேசி, கடைசியில் கையெழுத்து வந்தது. பணம் அனுப்பும் முன் மின்னஞ்சலில் ஒரே கேள்வி கேளுங்கள்: இந்த முகவரியில் நான் பதிந்துகொள்ளலாமா? இல்லை என்றாலோ மழுப்பினாலோ வேறு இடம் பாருங்கள். சாவி கையில் வரும் முன் முழு முன்பணம் கேட்டாலும் அப்படியே. சட்டப்படி முன்பணம் மற்றச் செலவுகள் சேராத வெறும் வாடகையில் மூன்று மாதத்துக்கு மேல் கூடாது, மூன்று தவணையில் கட்டலாம். பல்கலைக்கழக விருந்தினர் விடுதி கிடைத்தால் முதல் மூன்று மாதத்துக்குக் கண்ணை மூடிக்கொண்டு எடுங்கள். நிரந்தர வீடு பார்க்கும்போது இன்னொரு அதிர்ச்சி காத்திருக்கிறது: காலி வீடு என்றால் நிஜமாகவே காலி. சமையலறை மேடை இருக்காது, கூரையில் விளக்குக்குப் பதில் இரண்டு ஒயர் தொங்கும்.

சரி, பதிவு முடிந்தது. வரி எண் தபாலில் வரும் என்றார்கள். வங்கி அட்டை ஒரு தபாலில், ரகசிய எண் வேறு தபாலில் வரும் என்றார்கள். இரண்டு வாரம், மூன்று வாரம், ஒன்றும் வரவில்லை. நான் தினமும் கீழே போய் தபால் பெட்டியைத் திறந்து பார்ப்பேன். பீட்சா விளம்பரம் இருக்கும். ஊரிலிருந்து வந்து பத்து வருடமாக அங்கே இருக்கும் ஒரு அக்காவிடம் புலம்பினேன். “பெட்டியில உன் பேரு இருக்கா?” என்றார். எதற்கு? முகவரியில் வீட்டு எண் இருக்கிறதே. “இங்க வீட்டு நம்பரு கட்டடத்துக்குத்தான். உள்ள எந்த வீடுன்னு பேரை வெச்சுதான் கண்டுபிடிப்பான். பேரு இல்லன்னா ஆளு இல்லன்னு திருப்பி அனுப்பிடுவான், போ.”

பெட்டியில் அறையை விட்டவர் பெயர் மட்டும் இருந்தது. என் கடிதங்கள் எல்லாம் வந்து, பெயரைத் தேடி, திரும்பிப் போயிருந்தன. வரி எண்ணும் வங்கிக் கணக்கும் உரிய நேரத்தில் போகாததால் அக்டோபர் சம்பளம் நவம்பர் சம்பளத்தோடு சேர்ந்து நவம்பர் கடைசியில்தான் வந்தது. அங்கே சம்பளம் மாதக் கடைசியில் என்பதால் எப்படியும் முதல் மாதம் கைக்காசுதான். நான் கொண்டுபோனது ஃபாரெக்ஸ் கார்டில் 2,000 யூரோ, கையில் 500. அக்கா தந்த கடனில்தான் நவம்பர் ஓடியது. தனியாளாகப் போனாலும் 4,000 யூரோ இல்லாமல் கிளம்பாதீர்கள் என்று இப்போது சொல்வது அதனால்தான்.

பெயர் ஒட்டிய பிறகு வந்த முதல் கடிதம், வானொலி, தொலைக்காட்சிக் கட்டணம் மாதம் 18.36 யூரோ கட்டச் சொல்லி. டிவி இல்லையே என்று குப்பையில் போட்டேன். போடக் கூடாது, அது வீட்டுக்கு இவ்வளவு என்று எல்லாரும் கட்டுவது. ஒரே வீட்டில் இன்னொருவர் கட்டினால் அவர் எண்ணைக் கொடுத்தால் போதும். நம்மால் பிறருக்கு ஆகும் சேதத்தை ஈடுகட்டும் பொறுப்புக் காப்பீடு என்று ஒன்றும் எடுத்துக்கொள்ளுங்கள், வருடத்துக்குச் சில பத்து யூரோதான். கட்டடத்துப் பொதுச் சாவியைத் தொலைத்தால் அத்தனை பூட்டையும் மாற்றும் செலவு உங்கள் தலையில் விழும். சாவி தொலைவதும் சேர்ந்திருக்கிறதா என்று பார்த்து எடுங்கள்.

பெயர் ஒட்டியதிலும் ஒரு கதை இருக்கிறது. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. என் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டத்தில் அப்பா பெயரை எழுதியிருந்தோம். ஒப்பந்தத்தில் என் பெயருக்குப் பின்னால் இனிஷியல், பட்டச் சான்றிதழில் முன்னால் இனிஷியல், விசாவில் அப்பா பெயர் முழுதாக. மூன்றும் ஒரே ஆள்தான் என்று விளக்கி எத்தனை மின்னஞ்சல் எழுதியிருப்பேன் என்று கணக்கில்லை. குடும்பப் பெயர் கட்டத்தைக் காலியாக விட்ட நண்பர்கள் பாடு இன்னும் மோசம். கணினி அந்தக் கட்டத்தை நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்கு விடாது. புறப்படும் முன் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து எல்லா இடத்திலும் கொடுங்கள், ஒப்பந்தம் உட்பட. இரண்டு வடிவமும் ஒருவரே என்று பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு கடிதம் கிடைத்தால் இன்னும் நல்லது.

ஆக, அந்த ஊரில் நான் என் பெயரில் வாழவில்லை. நகர அலுவலகத்தில் வரிசை எண் கூப்பிட்டுவிட்டு, அப்பா பெயருக்கு முன்னால் ‘ஃப்ரௌ’ போட்டு அழைத்தார்கள். திருமதி அப்பா. முதல் தடவை நான் திரும்பிப் பார்த்தது பின்னால் அப்பா நிற்கிறாரோ என்றுதான்.

அக்காவின் வீட்டில் பெயர் அச்சடிக்கும் சின்ன இயந்திரம் இருந்தது. அதில் ஒரு பட்டை அடித்து, தபால் பெட்டியிலும் அழைப்பு மணியிலும் ஒட்டினேன். பாஸ்போர்ட்டில் உள்ளபடி, அப்பா பெயர் மட்டும், கறுப்பு எழுத்தில். போட்டோ எடுத்து அப்பாவுக்கு அனுப்பினேன். தஞ்சாவூர், திருச்சி, கல்யாணத்துக்கு ஒரு தடவை சென்னை, இதற்கு மேல் போகாதவர். ராத்திரி போன் வந்தது. ரொம்ப நேரம் பார்த்திருப்பார் போல.

“எல்லாம் சரிம்மா. இனிஷியலைப் போடாம விட்டுட்டியே.”